ஒன்பதாம் நோட்டின் தண்ணீர்

சர்வேயர் இறந்த மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அவர் கைப்பட எழுதிய ஒன்பதாம் நோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. முதல் நாள் ஒரு டம்ளர். மறுநாள் ஒரு ஜக். வாரக் கடைசியில் நாளுக்கு இரண்டு வாளி என்று வந்து நின்றது. அதன் பிறகு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கலங்கலான தண்ணீர், லேசான சேற்று வாசனை. அலமாரிக்குப் பின்னால் குழாய் உடைந்திருக்கும் என்று பிளம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், தரையில் காது வைத்துக் கேட்டார், கடைசியில் நோட்டையே எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். வாஷர் மாற்றி நிறுத்துகிற தண்ணீர் இல்லை இது, தன் வேலையில் சேராது என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்காமல் போனார்.

சர்வேயர் முப்பது வருடம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். அளக்கப் போன இடத்திலெல்லாம் இந்தக் கிணறு எப்போது வெட்டியது, அந்தச் சுவர் எப்படிச் சாய்ந்தது என்று விசாரித்து எழுதிக்கொண்டு வந்தார். அப்படிச் சேர்ந்தவை பதினேழு நோட்டுகள். அவற்றைச் சுருக்கி, ஊரின் வரலாறு என்று சொந்தச் செலவில் ஐந்நூறு பிரதிகள் அச்சடித்தார். விற்றவை முப்பத்தொன்று. மற்றவை கல்யாணப் பரிசாகவும், காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுகளுக்கு முட்டுக் கொடுக்கவும் போயின. அச்சுப் புத்தகம் யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை. நோட்டுகள் கொஞ்சம் வேறு மாதிரி. நான்காம் நோட்டில் எண்ணெய்க் கிடங்கு எரிந்த வருடம் இருந்தது. அது எப்போதும் இளஞ்சூடாக இருக்கும், பூனை அதன் மேல்தான் தூங்கும். பதினொன்றாம் நோட்டைத் திறந்தால் ரயில் பாதை போட்ட காலத்துக் கருங்கல் தூசி மேசையில் உதிரும், துடைத்துவிட்டால் போதும். வீட்டில் இதையெல்லாம் யாரும் பெரிதுபடுத்தியதில்லை. ஒன்பதாவது, வெள்ள வருடத்து நோட்டு. சர்வேயர் இருந்தவரை அது சற்று நமுத்துப்போய் இருந்ததோடு சரி.

அவருடைய மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். ஊரே அவரை ஆபரேட்டர் என்றுதான் கூப்பிட்டது. வீட்டுக்குள் சர்வேயரும் அப்படித்தான். ஆபரேட்டர், என் கண்ணாடி எங்கே என்று கேட்பார். கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருக்கும். நாற்பத்தோரு வருடத்துக்கு முன் வெள்ளம் வந்தபோது ஊர் மொத்தமும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட, எக்ஸ்சேஞ்சின் மாடியில் ஆபரேட்டர் மட்டும் பதினொரு நாள் இருந்தார். கீழ்த்தளம் மூழ்கியது. மாடிப்படி இருபத்திரண்டில் பதினான்கு தண்ணீருக்குள் போயின. மணிக்கொரு தரம் படிக்கட்டுக்கு வந்து, தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று சுவரில் பென்சிலால் குறித்து, போர்டுக்குத் திரும்பி மேட்டிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். மூன்றாம் நாள், வெள்ளத்தின் உயரத்தை அளக்கப் படகில் வந்த சர்வேயர் தன் அளவுகோலின் நுனியில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கட்டி மாடி ஜன்னலுக்கு நீட்டினார். ஆறாம் நாள் சர்வேயர் கடுங்காய்ச்சலில் விழுந்தார். ஏழாம் நாள் தண்ணீர் இறங்கத் தொடங்கியதையோ, பதினோராம் நாள் முழுக்கப் போனதையோ அவர் பார்க்கவில்லை. பென்சில் குறிகளுக்கு மேல் வெள்ளையடித்தார்கள். அடுத்த வருடம் இருவருக்கும் கல்யாணம் ஆனது.

கண்ணால் பார்த்தவர் சொல்லாமல் ஒரு வரி எழுத மாட்டேன் என்பது சர்வேயரின் பிடிவாதம். புத்தகத்தின் முன்னுரையில் அதோடு இன்னொன்றும் சேர்த்திருந்தார்: உறவினர்களின் சாட்சி ஏற்கப்படவில்லை. அச்சகத்திலிருந்து வந்த புரூப்பில் அதைப் படித்த ஆபரேட்டர், அன்றோடு அந்தப் புத்தகத்தையும் நோட்டுகளையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டார். தண்ணீர் வடிந்ததைப் பார்த்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்க, புத்தகத்தில் வெள்ள அத்தியாயம் பதினான்காம் படியோடு நின்றுபோய், அடுத்த பக்கத்தில் பஸ் நிலையத்தைத் திறந்துவிட்டார்கள். உங்க வீட்டுக்காரர் புத்தகத்துல தண்ணி இன்னும் வடியவே இல்லையே என்று மருந்துக்கடைக்காரர் கேலி செய்தபோது, அதை அவர்கிட்டயே கேளுங்க என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தார். மனசுக்குள் மட்டும் அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை தன்னைக் கேட்டிருக்கலாம் என்று நினைத்து நினைத்தே முப்பது வருடத்தை ஓட்டினார்.

இப்போது அதே வெள்ளம் வீட்டுக்குள் சொட்டியது. ஆபரேட்டர் காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி மாற்றினார். தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றினார். செடிகள் நன்றாகவே வந்தன. ஒரு வியாழக்கிழமை வாளியில் விரல் நீள மீன் ஒன்று இருந்தது. இன்னொரு நாள் ஒரு சிறுபிள்ளையின் இடதுகால் செருப்பு வந்தது; முடிதிருத்துபவர் அதைப் பார்த்து, ஆறு வயதில் தொலைத்தது, வலது கால் செருப்பு இன்னும் பரணில் இருக்கிறது என்று கண்கலங்கி வாங்கிப் போனார். வெளியூரில் இருந்து வந்த மகள் தரையைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், நோட்டுகளை நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். நூலகர் பதினாறு நோட்டுகளைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார், சூடானதையும் சேர்த்து. ஈரப் புத்தகத்தை மட்டும் அலமாரியில் ஏற்ற முடியாது, பக்கத்தில் இருப்பவையெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும் என்றார். ஆனாலும் கையை விரித்துவிடவில்லை. பழைய தாள்களைப் பழுது பார்க்கும் ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

நாற்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். எல்லோரும் அவரைக் காகித டாக்டர் என்பார்கள். சாப்பாட்டு மேசையில் ஒட்டுத்தாள், மெல்லிய தூரிகைகள், ஒரு தட்டையான தகடு என்று பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் ஒட்டுத்தாள் வைத்து எடுத்து, நனைந்ததைத் துணிக்கொடியில் காயப்போட்டார். நூலகத்து ஸ்கேனரில் வைத்துப் பார்த்தார். படத்தில் கலங்கல் தண்ணீர்தான் விழுந்தது. நோட்டை நிமிர்த்தி வைத்தால் எல்லாப் பக்கங்களிலும் ஒரே உயரத்துக்கு, மேலிருந்து நான்காம் வரி வரைக்கும், ஈரக்கோடு தெரிந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே மசி கரைந்துகொண்டிருந்தது. சர்வேயர் பேனா மசியில் எழுதியவர். முதல் பத்துப் பக்கங்கள் ஏற்கெனவே வெளிறி நீலப் புகையாகியிருந்தன. இந்த வேகத்தில் போனால் மாதக் கடைசியில் நோட்டு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும் என்று டாக்டர் கணக்குப் போட்டுச் சொன்னார். போனா போகட்டும், தரை காஞ்சா போதும் என்றார் ஆபரேட்டர். டாக்டர் அறுபத்தோராம் பக்கத்தை எடுத்து, எழுத்து இருக்கும்போதே யாராவது ஒரு தரம் படித்துவிடட்டும் என்பதுபோல, சத்தமாக வாசித்தார். எக்ஸ்சேஞ்ச் மாடி ஜன்னலில் ஒரு பெண். அளவுகோல் நான்கு அங்குலம் எட்டவில்லை. அவள் கையை நீட்டி எட்டினாள். கை நடுங்கவில்லை, படகு நடுங்கியது. பிஸ்கட் பொட்டலம் நனையாமல் போய்ச் சேர்ந்தது.

அச்சுப் புத்தகத்தில் இது கிடையாது. பக்கம் அதிகமாகிறது என்று அச்சகத்தார் வெட்டியிருக்க வேண்டும். ஒரே வீட்டில் வாழ்ந்ததால் சர்வேயர் ஆபரேட்டருக்குக் கடிதம் என்று ஒன்று எழுதியதே இல்லை. தெரிந்தவரை, அவர் எழுத்தில் ஆபரேட்டர் இருந்தது உலகத்திலேயே அந்த ஒரு பக்கத்தில்தான், அதுவும் கண்ணெதிரே வெளிறிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் அதன் பிறகு தரையைப் பற்றிப் பேசவில்லை. மேசையின் எதிர்ப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒட்டுத்தாள் மாற்றுவதற்குத் தானும் உட்கார்ந்தார். இருவரும் இரண்டு வாரம் அப்படியே வேலை பார்த்தார்கள். தண்ணீர் ஒரு சொட்டுக் கூடக் குறையவில்லை. எழுபதாம் பக்கம் வரைக்கும் எழுத்து போயேவிட்டது, அறுபத்தொன்றைத் தவிர. அதை மட்டும் ஆபரேட்டர் மணிக்கொரு தரம் ஒற்றி ஒற்றிக் காப்பாற்றி வைத்திருந்தார்.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் வெள்ளம் பதினான்காம் படியைத் தொட்டது. அதற்கடுத்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. டாக்டர் தகட்டை உள்ளே விட்டு ஒரு காலைப்பொழுது முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தார். உள்ளே நான்கு தாள்கள் எலும்பு போலக் காய்ந்து இருந்தன. முதல் தாளில் நீர் வடிந்த விதம் என்று தலைப்பு. அதன் கீழே ஒரே வரி: சாட்சி, எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர், இன்று கேட்டேன், அப்புறம் சொல்றேன் என்றாள். கல்யாணமான மூன்றாம் மாதத்துத் தேதி போட்டிருந்தது. மற்றபடி நான்கு தாளும் வெறுமை. ஓரத்தில் மட்டும் பொடி எழுத்தில், வேறு வேறு வருடங்களின் தேதியோடு, குறிப்புகள் இறங்கிக்கொண்டே போயின. குழந்தைக்குக் காய்ச்சல், இன்று வேண்டாம். சிரித்த முகமாக இருந்தாள், கேட்க வாயெடுத்தேன், அடுப்பில் கேஸ் தீர்ந்துவிட்டது. முன்னுரையைப் படித்திருப்பாள் போல, நான்கு நாளாகப் பேச்சில்லை. உறவினர் சாட்சி வேண்டாம் என்ற வரி என் பெரியப்பாவைத் தடுக்க எழுதியது, வெள்ளத்தை நெஞ்சைக் கொடுத்துத் தடுத்ததாக அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆபரேட்டர் வெள்ளத்தன்று எனக்கு உறவே இல்லை, ஆகவே அவள் சாட்சி செல்லும். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கடைசிக் குறிப்பு சர்வேயர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு எழுதியது. அவளே சொல்லுவாள், இடம் விட்டிருக்கிறேன்.

ஆபரேட்டர் அதை மூன்று முறை படித்தார். கேட்டதும் நினைவில்லை, பதில் சொன்னதும் நினைவில்லை. அப்புறம் சொல்றேன் என்பது அந்த வீட்டில் நாளைக்கு இருபது தரம் அவர் சொல்கிற வார்த்தை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருப்பார். முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா போய்ச் சேர்ந்த அன்றுகூட அம்மா அப்படி அழவில்லை என்று மகள் பிறகு சொன்னாள்.

"இவர் கேக்கலைன்னு நான் முப்பது வருஷமா முறைச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார் டாக்டரிடம். "நான் சொல்லலைன்னு இவரு நாப்பது வருஷமா உக்காந்திருக்காரு. வாயிருந்தும் என்ன பிரயோஜனம், சொல்லுங்க. நிலத்தை அளந்தாரு, வெள்ளத்தை அளந்தாரு, பொண்டாட்டிகிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கத் தெரியலை."

டாக்டர் பேனாவைத் திறந்து நீட்டினார். ஆபரேட்டர் எழுதுவதற்கு முன், பழைய வழக்கப்படி, எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டார். ஏழாம் நாள் காலை ஆறு மணி, பதினான்காம் படி. ஒன்பது மணி, பதினான்காம் படி ஓரம் தெரிகிறது. பகல் பன்னிரண்டு, பதிமூன்று. படியில் ஒரு தவளை. மாலை நான்கு, பன்னிரண்டு. சுவரோடு மறைந்தது என்று அவர் நினைத்திருந்த குறிகள் ஒவ்வொன்றும் அந்தந்த மணியோடு கைக்கு வந்தன. அன்று மாலை வாளி முக்கால்தான் நிறைந்திருந்தது. டாக்டர் நோட்டை நிமிர்த்தி வைத்துப் பார்த்தார். ஈரக்கோடு இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. மறுநாள் எட்டாம் நாளை எழுதினார், அதற்கடுத்த நாள் ஒன்பதாம் நாளை. ஒரே மூச்சில் எழுதிவிடலாமே என்று மகள் அவசரப்படுத்தினாள். வெள்ளம் அஞ்சு நாள்ல வடிஞ்சுது, நான் ஒரே நாள்ல வடிய வெச்சா பொய்யாயிடும், உங்கப்பா ஒத்துக்க மாட்டாரு என்று சொல்லிவிட்டார் ஆபரேட்டர். எழுத எழுத வாளி கிண்ணமானது. கோடு இறங்கிய இடத்திலெல்லாம், முன்பு நீலப் புகையாகக் கிடந்த தாள்களிலும் வெள்ளையாகவே போன தாள்களிலும், சர்வேயரின் சாய்ந்த எழுத்து, சேறு வற்றிய தெருவில் வீட்டுப்படிகள் தெரிவதுபோல, வரி வரியாகத் திரும்ப வந்தது.

ஐந்தாவது நாள் அவர் பதினோராம் நாளை எழுத உட்கார்ந்தார். ஈரக்கோடு அப்போது கடைசி வரிக்கும் கீழே, எழுத்தே இல்லாத அடி ஓரத்தில் நின்றது. காலை எட்டு மணி, முதல் படி, இரண்டு விரல் தண்ணீர் என்று எழுதினார். அதோடு பேனாவை வைத்துவிட்டார். டாக்டர் அதை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் ஒரு வரிதாம்மா. அதையும் எழுதிட்டா முழுசா காஞ்சிடும்."

ஆபரேட்டர் பேனாவை மறுபடி எடுத்து, மீதியை அப்புறம் சொல்கிறேன் என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் குறித்தார். எழுத்துக்கு இனி ஆபத்து இருக்கிறதா என்று டாக்டரைக் கேட்டார். இல்லை, இந்த ஈரம் எழுத்தைத் தொடாது என்றார் டாக்டர்.

"அப்ப இருக்கட்டும். அவரு காத்திருக்கட்டும், பழக்கம்தானே. எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் எங்களுக்குள்ள பேச என்ன இருக்கு?"

நூலகர் முதலில் தயங்கினார், பிறகு டாக்டர் எழுதிக்கொடுத்த தாளைப் படித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒன்பதாம் நோட்டு இப்போது வாசிப்பறையின் தெற்கு மூலையில், தனி அலமாரியில், எவர்சில்வர் தட்டின் மேல் இருக்கிறது. நான்காம் நோட்டைப் பக்கத்திலேயே வைத்திருப்பதால் பூஞ்சை பிடிப்பதில்லை. பூனைதான் வீடு மாறி நூலகத்துக்கு வந்துவிட்டது. சுவரில் தொங்கும் காலை வேலைப் பட்டியலில் ஜன்னல் திறப்பது, தேதி முத்திரையைத் திருப்பி வைப்பது ஆகியவற்றுக்கு அடுத்து, தட்டுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது என்று தட்டச்சு செய்து ஒட்டியிருக்கிறது. ஒரு நாளுக்கு ஒரு ஸ்பூன்தான் வரும். வியாழக்கிழமைகளில் ஆபரேட்டர் வருவார், குடையை மடக்கி மூலையில் வைப்பார், அறுபத்தோராம் பக்கத்தை ஒரு தரம் படிப்பார். போகும்போது இன்னும் இருக்கா என்று கேட்பார். ரெண்டு விரல் இருக்கும்மா என்று நூலகர் சொல்வார். சரி என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.