பத்துப் பேரின் ஆமென்

யெமிமா சட்டைக் கழுத்தை இன்னும் ஒரு சாண் கிழித்தாள். அடக்கச் சங்கத்து ஃபைவெல் பதறிப்போனார்.

"போதும்மா! அப்பா துக்கத்துக்கு நாலு விரல் கிழிச்சாப் போதும், வழக்கம் தீர்ந்துச்சு."

"சட்டை என்னுது."

ஜெருசலேம் வெயில் மண்டையைப் பிளந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய அப்பாவைக் குழியில் இறக்கி மண் தள்ளி மூடியாயிற்று. இனி செத்தவருக்காக மகன் கதீஷ் ஜெபம் சொல்ல வேண்டும். ஃபைவெல் சுற்றிலும் பார்த்தார்.

"மகன் யாரு?"

"மகன் கிடையாது. நான்தான். நான் சொல்றேன்."

"பொம்பளைங்க சொல்றதில்லம்மா. ஆதியிலேர்ந்து இப்படித்தான்." அப்பாவின் மாணவர் எல்கானாவைக் கைகாட்டினார். "நீங்க வாங்க, புரொபசர்."

ஆதியிலேர்ந்தாம்! யெமிமாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா நாற்பது வருஷம் பழைய ஜெபச் சுவடிகளைப் புரட்டிக் கண்டதே இதற்கு நேர்மாறு. கதீஷில் சாவு என்ற சொல்லே இல்லை. வேதபாடம் முடிந்ததும் கடவுளைப் புகழ்ந்து சொன்ன வரிகள். இழவுக்கு வந்து சேர்ந்தது பல நூறு வருஷம் கழித்து. ஊருக்கு ஊர் சொல் கூடியது, குறைந்தது. அதையெல்லாம் சுத்தப் பிரதி எடுத்துக் கொடுத்தவள் அவள். ஆனால் அம்மா செத்த அன்று அவள் வாய் திறந்ததும், "ஆராய்ச்சி வேற, வழக்கம் வேற. பேசாம நில்லு" என்று அதட்டிவிட்டுத் தானே சொல்லி முடித்தவரும் அதே அப்பாதான். ஒன்பது வருஷமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. இன்று அழுகைகூட வரவில்லை.

எல்கானா பக்கத்தில் வந்தார். "உனக்காகத்தான் கதீஷ் சொல்றேன், யெமிமா."

"எனக்காக வேண்டாம். பொம்பளைங்க சொல்லக் கூடாதுன்னு அந்தச் சுவடியில எங்கயாவது இருந்துச்சா? நீங்களும்தானே கூட உக்காந்து படிச்சீங்க?"

"இல்லதான். அதைப் பேச இதுவா இடம்?"

"செத்தவர் இங்கதானே இருக்காரு?"

அவர் பின்னால் நகர்ந்து மற்ற ஆண்களோடு போய் நின்றுகொண்டார். படித்த மனுஷன்!

அவள் ஆரம்பித்தாள். புத்தகம் இல்லாமல், கதீஷின் அரமேய மொழி வரிகளை ஒரு எழுத்து பிசகாமல், உரக்க. கூட்டம் ஆமென் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தினாள். பத்து ஆண்கள் கூடி ஆமென் சொன்னால்தான் கதீஷ் செல்லும்; சரியாகப் பத்து ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒரு வாயும் திறக்கவில்லை. எல்கானா தன் செருப்பைப் பார்த்தார்.

"சீக்கிரம் முடிங்கம்மா," என்றார் ஃபைவெல். "அடுத்த பாடி வந்துடுச்சு."

"அவங்க சொல்லட்டும், முடிக்கிறேன்."

யெமிமா கால்களை மண்ணில் ஊன்றி நின்றாள். பாதையில் அடுத்த பிணத்தைச் சுமந்து வந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள்.