இரும்புக்குத் திறக்கும் கதவு

குப்பியில் சாகிற கிருமி தம்பியின் உடம்பில் மட்டும் சாகவில்லை.

அக்காவுக்கு அதுதான் பிடிபடவில்லை. கிருமி ஆய்வகத்திலேயே நரை கண்டவள் அவள். தம்பியின் ரத்தத்திலிருந்து எடுத்த கிருமியை வளர்த்தவளும், மருந்தைச் சொட்டியவளும் அவள்தான். காலையில் பார்த்தால் கிருமியை வளர்த்த சத்துநீர் பளிங்கு மாதிரித் தெளிந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரியிலோ ஜுரம் ஏறிக்கொண்டே போகிறது. இதை விட்டால் வேறு மருந்து இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

உறைபெட்டியின் அடித்தட்டில் இன்னொரு குப்பி இருந்தது. போன வருஷம் அப்பாவைக் கொண்டுபோன கிருமி. அதே இனம், அவருக்குக் கொடுத்ததும் அதே மருந்து. தூக்கிப்போட அவளுக்கு மனம் வரவில்லை. கூட வேலை பார்க்கும் சோடாபுட்டி அதற்குப் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்திருந்தான். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வெண்புகை வழிந்து அவள் மணிக்கட்டைப் பிடிக்கும். கடைசியில் அப்பாவின் கையும் இப்படித்தான் சில்லிட்டிருந்தது.

“பெரியவர் என்ன சொல்றாரு?” என்றான் சோடாபுட்டி.

“பெத்த பொண்ணுகிட்டயே வாயத் திறக்க மாட்டேங்கறாரு.”

அந்த மருந்து ஒரு மாறுவேஷக்காரன். இரும்புச்சத்து கிடைக்காமல் காய்ந்துபோன கிருமி, தன் வெளித்தோலில் புரதத்தால் ஆன தனிக் கதவுகளை வைத்துக்கொண்டு, இரும்பு வராதா என்று காத்திருக்கும். மருந்து இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கதவு வழியே நுழைந்து கதையை முடிக்கும். அதனால் இரும்பை அறவே நீக்கிய சத்துநீரில்தான் சோதிக்க வேண்டும் என்பது ஆய்வகச் சட்டம். அதை அவள் இம்மி பிசகாமல் செய்திருந்தாள்.

சட்டென்று உறைத்தது. சட்டம் சத்துநீருக்குத்தானே? தம்பியின் உடம்புக்கு யார் சொன்னது?

தம்பியின் கிருமியை வேறொரு குப்பியில் வளர்த்து, மருந்தோடு துளி இரும்பும் சேர்த்தாள். மறுநாள் அது மோர் மாதிரி கலங்கியிருந்தது. வயிறு நிறைந்த கிருமி கதவைக் கழற்றிவிட்டுச் சௌக்கியமாகப் பெருகியிருந்தது. மருந்து வெளியே தெருவில் நின்றது.

ஜுரம் வந்தால் உடம்பே இரும்பை ஒளித்துவைக்கும். அப்படியானால் கிருமிக்குப் படியளப்பது யார்?

ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தம்பி மனைவி அவன் தலையைத் தாங்கிப் பிடித்து, பிளாஸ்க்கிலிருந்து திராட்சை ஜூஸ் புகட்டிக்கொண்டிருந்தாள். அவன் பற்களின் ஓரத்தில் மை இழுத்தது போலக் கறுப்பு.

“ஜூஸ்ல என்னம்மா கலந்திருக்கே?”

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆள் வெளுத்துப்போயிருக்கிறாரே என்று ரத்தம் ஊறும் இரும்பு டானிக்கை வேளை தவறாமல் கலந்து கொடுத்தாளாம். டாக்டர் திட்டுவார் என்று மூச்சு விடவில்லையாம்.

பாட்டில் டாக்டர் கைக்குப் போனது. டானிக் நின்றது, அதே மருந்து தொடர்ந்தது. ஜுரம் அடம் பிடித்துவிட்டு மெல்ல இறங்கியது. தம்பி கண் விழித்து, இந்த ஆஸ்பத்திரிக் கஞ்சிக்குச் செத்தே போகலாம் என்று முனகினான். இரண்டு பெண்களும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

நடைக்கூடத்தில் தம்பி மனைவி அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணி… மாமாவுக்கும் நான்தான் கொடுத்தேன். இதே டானிக்.”

அக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். அப்பாவுக்கு வாய் துடைத்து, மலம் அள்ளிய கைகள் இன்னும் முந்தானையைப் பிடித்திருந்தன.

“அப்பாவுக்கு வந்தது வேற கிருமிடி,” என்றாள். “மருந்தும் வேற. போ, அவன் தேடுவான்.”

மறுநாள் வந்ததும் வராததுமாக உறைபெட்டியைத் திறந்து, பெரியவரை எடுத்து, கிருமிகளை அவித்து அழிக்கும் நீராவிக் கொப்பரைக்குள் வைத்து மூடியைத் திருகினாள். அவ்வளவு நாள் பொத்திவைத்ததை ஏன் இப்போது என்று சோடாபுட்டி கேட்டான். இடம் போதவில்லை என்றாள்.

கொப்பரை சீறி அடங்கியது. அவள் குழாயில் வெந்நீர் திறந்து நெடுநேரம் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். விரல்கள் சிவந்தன. மணிக்கட்டில் மட்டும், யாரோ பிடித்திருப்பது போல, அந்த ஜில்லிப்பு விடவில்லை.