ஒரு நாள் வழி

கெம்பம்மா அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது ஊர்ப் பெரியவர் ராமப்பன் காலனி முனையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஓடையில தண்ணி ஏறிக் கெடக்குது. பொணத்தை எங்க தெரு வழியாவே எடுத்துக்கிட்டுப் போங்க. முள்ளை எடுக்கச் சொல்லிட்டேன். இன்னிக்கி ஒரு நாளைக்கி."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். காலனிப் பிணம் ஓடையில் இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும், அந்தத் தெருவில் போகக் கூடாதென்று முள் வெட்டிப் போட்டவரே அவர்தான். சுடுகாட்டுப் பாதை எல்லாருக்கும் பொது என்று எண்பத்தாறாம் வருஷம் கிருஷ்ணகிரி கோர்ட்டில் வழக்குப் போட்டவர் அவள் அப்பா கரியப்பன். வாய்தா வாய்தாவாக அலைந்தார். தீர்ப்பு வருவதற்குள் மாரடைப்பு முந்திக்கொண்டது.

"போலாம்க்கா," என்றான் தம்பி தீர்த்தகிரி. ஓசூர் கம்பெனியிலிருந்து யூனிஃபார்மோடு வந்தவன். "அப்பா கேட்ட வழி. ஒரு தடவையாச்சும் போகட்டுமே."

கெம்பம்மாவுக்கும் அதே ஆசைதான். அப்பாவின் வழக்கை நடத்தும் வக்கீல் சௌந்தரராஜனைப் பார்த்தாள். சிவகங்கைப் பக்கத்துக்காரர். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"நீங்க சொல்லுங்க சார்."

"இது சொல்ற நேரமில்லம்மா."

"பரவால்ல, சொல்லுங்க."

"அவுக விட்டு நாம போனா அது அனுமதி. நாங்க பெரிய மனசு பண்ணி விட்டோம், அவங்களும் ஒத்துக்கிட்டுத்தான் போனாங்கன்னு கோர்ட்டுல சொல்லுவாக. அப்புறம் உரிமைன்னு நாம பேசுறது எடுபடாது."

"செத்த பொறவும் அவரை வச்சுக் கேஸ் நடத்தணுமா சார்?" தீர்த்தகிரிக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைடா இது," என்றாள் கெம்பம்மா. ஆசைப்பட்ட மனுஷனை நாமே அலைக்கழிக்கிறோமோ என்று பயமாக இருந்தது. இன்றைக்கு இந்த வழியில் போய்விட்டால், நாளைக்குக் காலனியில் சாகிற ஒவ்வொருவருக்கும் ராமப்பன் வாசலில் போய்க் கேட்டு நிற்க வேண்டும்.

"ஓடைப் பக்கமே தூக்குங்க."

பெண்கள் கரையோடு நின்றுவிட்டார்கள். ஆண்கள் இறங்கினார்கள். நடு ஓடையில் இடுப்புக்கு மேல் தண்ணீர். பாடையைத் தலைக்கு மேலே தூக்கியும் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அப்பா மேல் போர்த்தியிருந்த கோடித் துணி நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"பாத்துடா, அப்பாவுக்குக் குளிரும்," என்று தம்பியிடம் சொல்ல வாயெடுத்த கெம்பம்மா, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.