ராபர்ட் வாங்கிய பைக்

மீன் வண்டி ஓட்டும் ராபர்ட்டுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஊர் சுற்றும் ஆசை வந்தது. கோட்டைக்குப்பத்திலிருந்து காசிமேட்டுக்குப் போய்த் திரும்புவதையெல்லாம் அவன் பயணத்தில் சேர்ப்பதில்லை. மலைப்பக்கம் எங்காவது பைக்கில் போகவேண்டும். பழவேற்காட்டில் பிரசாந்த் தன் பழைய பைக்கை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டதும் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அவன் மனைவி ஜாக்குலின் ஸ்கூட்டரில் உள்கிராமங்களுக்குப் போய் மீன் விற்பவள். இருக்கிற வண்டிகள் போதாதா என்பது அவள் கட்சி. ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை. தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று ராபர்ட்டுக்குத் தெரியும்.

பைக்கின் இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டிகள், டேங்கில் லடாக் ஸ்டிக்கர். லடாக் எப்படியிருந்தது என்று ராபர்ட் மரியாதையோடு விசாரித்தான். பிரசாந்த் கொஞ்சம் நெளிந்தான். ஸ்டிக்கர் நண்பன் கொடுத்ததாம். லீவு கிடைக்காததால் வண்டி பொன்னேரியைத் தாண்டியதே இல்லையாம். ஜாக்குலின் குனிந்து சைலன்சரை நகத்தால் சுரண்டினாள். துரு பொடியாக உதிர்ந்தது. உப்புக்காற்றில் எந்த வண்டியும் இப்படித்தான் ஆகும் என்று, விற்கிறவனை முந்திக்கொண்டு, வாங்க வந்த ராபர்ட் சமாதானம் சொன்னான்.

சுண்ணாம்புக்குளத்திலிருக்கும் தன் அக்கா செசிலியா வீடுவரை ஓட்டிப் பார்க்கலாம் என்றாள் ஜாக்குலின். அவ்வளவு தூரம் போனால் இடுப்புவலி வந்து அவனே வேண்டாமென்று சொல்லிவிடுவான் என்பது அவள் எண்ணம். ராபர்ட்டோ அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வழியெல்லாம் பாடிக்கொண்டே போனான்.

திரும்பிவரக் கிளம்பும்போது கிக்கர் ராபர்ட்டின் காலில் திருப்பி அடித்தது. கணுக்கால் வீங்கி, செருப்புகூட நுழையவில்லை. வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போகலாம் என்றான் ராபர்ட். அடுத்தவர் வண்டியை அப்படி விட்டுப்போவதில் ஜாக்குலினுக்குச் சம்மதமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் தம்பியின் பைக்கை ஓட்டியிருக்கிறாள் என்பதை அன்றைக்குச் செசிலியா சொல்லித்தான் அவன் தெரிந்துகொண்டான்.

"நீ பின்னால குந்து. அந்தக் காலை மட்டும் எங்கயும் இடிச்சுக்காத," என்றாள் ஜாக்குலின்.

முதலில் வண்டி இரண்டு தடவை நின்றது. அப்புறம் நிற்கவில்லை. வளைவுகளில் அவள் பிரேக் போடுவதற்குள் ராபர்ட்டின் நல்ல கால் தானாக அழுத்தியது, காற்றைத்தான். பழவேற்காடு வந்தும் அவள் நிறுத்தாமல், கலங்கரை விளக்கம்வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள்.

வாசலில் காத்திருந்த பிரசாந்த், ராபர்ட் நொண்டி இறங்குவதைப் பார்த்ததும் வண்டி விலைபோகாது என்று முடிவு செய்துவிட்டான்.

"வேணாம்னு சொல்லத்தானே வந்தீங்கக்கா?"

"வேணாம்னு யாரு சொன்னது? துருவுக்கு மட்டும் கொறைச்சுக்க."

கால் கட்டோடு ராபர்ட் வீட்டில் கிடந்த நாட்களில் ஜாக்குலின் மறந்துபோன கியரை மறுபடி பழகிக்கொண்டாள். கட்டு அவிழ்த்த மறுவாரம் இருவரும் ஏலகிரிக்குக் கிளம்பினார்கள். கால் முழுதாகத் தேறட்டும் என்று அவளே ஓட்டினாள். மலைமேல் டீ குடித்தபின், இறக்கத்தில் தான் ஓட்டுவதாகச் சொல்லி ராபர்ட் அங்கேயே குதித்துக் காட்டினான்.

"வூட்டுக்குப் போனதும் பாக்கலாம்," என்று அவள் சாவியைத் திருகினாள்.

பின்னால் உட்கார்ந்தால்தான் இரண்டு பக்கமும் நன்றாக வேடிக்கை பார்க்கமுடிகிறது என்று இப்போது கோட்டைக்குப்பத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான் ராபர்ட்.