மனச்சோர்வுச் சான்றிதழ்

27 பிப்ரவரி 1978, திங்கள்

இன்றைய பிழை: பதிவுத் தபாலைக் கட்டிடக் காவலாளியின் அறையிலேயே கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். நாளைக்குத் தபால் நிலையத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். உறையின் மூலையில் நீதிமன்ற முத்திரை இருந்தது. நான் அதைப் பார்ப்பதற்குள் காவலாளி சிஞ்ஞோரா ஒத்தாவியா பார்த்துவிட்டாள்.

"கோர்ட்டுல இருந்தா? யார் மேல கேஸு, சிஞ்ஞோரினா?"

"யார் மேலயும் இல்ல. வரி சம்பந்தமா ஏதோ."

"வரிக்காரன் பச்சை உறை அனுப்ப மாட்டானே. முப்பது வருஷமா தபால் பிரிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

மேலே போய்ச் சமையலறையில் பிரித்தேன். சீட்டுக் குலுக்கலில் என் பெயர் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜூரித் தேர்வுக்காக நீதிமன்றம் வர வேண்டும். எந்த வழக்கு என்று இந்த வாரம் தூரின் நகரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சிறையிலிருக்கும் ஆயுதக் குழுத் தலைவர்களின் வழக்கு. போன வருடம் வழக்கறிஞர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக மருத்துவச் சான்றிதழ் கொடுத்து விலக, வழக்கே நின்றுபோனது. இப்போது மறுபடியும் ஆள் தேடுகிறார்கள்.

ஜூரிக்குப் பெரிய தகுதி ஒன்றும் வேண்டாம். முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். எனக்கு முப்பத்தொன்று. ஊரில் ஐந்தாவதோடு நின்றவள் நான். இங்கே வந்து, கார் தொழிற்சாலையில் இருக்கை உறை தைக்கச் சேர்ந்து, தொழிற்சங்கம் போராடி வாங்கித் தந்த மாலை வகுப்பில் உட்கார்ந்து, மூன்று வருடத்துக்கு முன்பு எட்டாவது முடித்தேன். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு அடுப்புக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். வகுப்புக்கே போகாமல் இருந்திருந்தால் என் பெயர் அந்தக் குலுக்கல் பெட்டிக்குள் போயிருக்காது. கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோது சட்டத்துக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன்.

தம்பி சவினோ ஆறு மணிக்கு வந்தான். நாங்கள் இருவரும்தான் இந்த வீட்டில். கிறிஸ்துமஸுக்கு முன்பு அவனுக்குத் தொழிற்சாலையில் குழுத்தலைவன் வேலை கொடுத்தார்கள். ஜனவரியில் அவனுடைய மேற்பார்வையாளரை டிராம் நிறுத்தத்தில் வைத்து அந்தக் குழுவினர் இருவர் வந்து காலில் நான்கு முறை சுட்டார்கள். கொல்வது அவர்கள் நோக்கம் இல்லை. அவர் இப்போது இரண்டு ஊன்றுகோலோடு நடக்கிறார்.

சவினோ கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

"அப்பவே சொன்னேன்ல, ரொம்பப் படிக்காதேன்னு." சிரிக்கத்தான் முயன்றான். "ஞாயித்துக்கிழமை பந்து ஆடணும் அசுந்தா. எனக்கு ரெண்டு காலும் வேணும்."

"கூப்பிட்டது என்னைத்தானே. உன்னை இல்லையே."

"கீழ வாசல்ல, அழைப்புமணிப் பலகையில நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பேருதானே இருக்கு. லொருஸ்ஸோ. அவனுங்க நின்னு, இது அக்காவா தம்பியான்னு விசாரிப்பானுங்களா?"

சூப் ஆறிப்போனது. மருத்துவச் சான்றிதழ் வாங்க டாக்டர் பெரோத்தியிடம் போகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

28 பிப்ரவரி, செவ்வாய்

இன்றைய பிழை: வகுப்பில் போட்ட அட்டவணையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

எட்டாவது முடித்தவர்களுக்காக நடக்கும் இந்த வருட மாலை வகுப்பில் பாடம் 'பயங்கரவாதம், நேற்றும் இன்றும்'. அக்டோபரில் கை தூக்கி நாங்களே தேர்ந்தெடுத்தது. நானும் தூக்கினேன். லிவியா எங்கள் ஆசிரியை. இருபத்தாறு வயது, என்னைவிடச் சின்னவள். எல்லோரும் தன்னை 'நீ' என்றே கூப்பிட வேண்டும் என்பாள். கரும்பலகையில் மூன்று பத்தி போட்டாள்: யார் செய்தார்கள், யாரைச் செய்தார்கள், யார் பயப்படுவதற்காக.

பாரிஸில் தலை வெட்டிய நாட்களை முதலில் நோட்டில் எழுதினோம். பயங்கரம் என்ற பெயரை வெளிப்படையாகச் சூட்டிக்கொண்டு ஆண்டது ஓர் அரசாங்கம் என்பது எனக்குப் புதிது. பிறகு ரஷ்யச் சக்கரவர்த்தியின் வண்டி மேல் விழுந்த குண்டு. எங்கள் இத்தாலி அரசரைச் சுட்டவன் ஒரு நெசவாளி என்றதும் தையல் பிரிவுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு விமானக் கடத்தல். பிறகு மிலானோ வங்கிக் குண்டு. அதில் 'யாரைச் செய்தார்கள்' என்ற பத்தியில் எழுத ஒரு பெயரும் இல்லை, வரிசையில் நின்றவர்கள் செத்தார்கள். கடைசி வரி, காலில் சுடுவது.

"வங்கியில குண்டு வெச்சது யாருன்னு எட்டு வருஷமா தெரியல," என்றான் வெல்டிங் பிரிவு கயேத்தானோ. "இதுல இவங்களுக்கு ஜூரி வேணுமாம். எவன் போயி உக்காருவான்? பைத்தியக்காரனும் போலீஸ்காரன் பொண்டாட்டியும்தான் போவாங்க."

"பைத்தியக்காரனும் டாக்டர் சீட்டு வாங்கிட்டானாம்," என்றது பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இதையும் இன்றைய பிழைகளில் சேர்க்க வேண்டும்.

கடைசி வரியில் மூன்றாவது பத்தியைத்தான் காலியாக விட்டேன். மேற்பார்வையாளர்கள் என்று எழுதிவிட்டு அடித்தேன். அது போதாது என்று தெரிந்தது. எது போதும் என்று தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு லிவியாவிடம் பச்சை உறையைக் காட்டினேன். அவள் முதலில் கதவைப் பார்த்தாள். பிறகுதான் உறையைப் பார்த்தாள்.

"என்ன பண்ணலாம்னு நீ சொல்லு," என்றேன்.

"என்னைக் கேக்காதே அசுந்தா. தயவுசெஞ்சு கேக்காதே. நேத்து தெருவுல ஒரு ஸ்கூட்டர் புகைக்குழாய் வெடிச்சதுக்கு நான் மேசைக்கடியில போய் உக்காந்தேன். நான் உனக்கு என்ன சொல்றது?" அழிப்பானை எடுத்துக் கரும்பலகையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "நோட்டுல உன் விஷயத்தை மட்டும் எழுதாதே. நோட்டு யார் கைக்கும் போகும்."

எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவும் பிழையா என்று தெரியவில்லை.

1 மார்ச், புதன்

இன்றைய பிழை: மருத்துவரிடம் முன்பதிவு செய்யாமல் போனேன். ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

அறையில் இருமல் சத்தமே இல்லை. ஆறு பேர், எல்லோரும் நல்ல ஆரோக்கியம். என் பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்திருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க என்ன வியாதி, சிஞ்ஞோரா?"

"இன்னும் தெரியல."

"நான் மனச்சோர்வு. போன வருஷம் எங்க மச்சான் இதே டாக்டர்கிட்ட மனச்சோர்வு வாங்கினார். நல்லா வேலை செஞ்சுது."

அப்போது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். யாருக்கும் யார் பெயரும் தெரிய வேண்டாம் என்பது போல.

டாக்டர் பெரோத்தி என் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. "இந்த வாரம் மட்டும் ஒம்போது பேருக்கு மனசு சோர்ந்துபோச்சு. எல்லாருக்கும் ஒரே வியாதி எழுதினா நாளைக்கு நீதிபதி என்னையே கூப்பிடுவார். உங்களுக்குத் தூக்கமின்மையும் சேத்துடறேன். தூங்குறீங்களா?"

"திங்கக்கிழமையிலேருந்து இல்ல."

"அப்போ இதுல பாதி உண்மை. எனக்கும் கொஞ்சம் நிம்மதி." பேனாவைத் திறந்துவிட்டு நிறுத்தினார். "இதுல கீழ என் பேரும் இருக்கு, பாத்துக்கோங்க. எழுதினாலும் பயம், எழுதலேன்னாலும் பயம்."

எழுதினார். 'கடுமையான மனச்சோர்வு, தூக்கமின்மை. பொறுப்பான முடிவு எடுக்கும் நிலையில் இல்லை.'

வீட்டுக்கு வந்து அதைச் சமையலறை மேசையில் வைத்தேன். எதிரே சுவரில் எட்டாவது சான்றிதழ். அரசாங்க முத்திரையோடு நானே சம்பாதித்தது அது ஒன்றுதான். மூன்று வருடம் ஷிப்ட் முடிந்து, விரலில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வாங்கியது. இரண்டில் ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும் போலிருந்தது. எதைத் திருப்புவது என்று முடிவு செய்ய முடியாமல் மாவு பிசையப் போனேன். டாக்டர் எழுதியது சரிதானோ என்னவோ.

சவினோ வந்து படித்தான். என் தோளில் தட்டினான். பல நாளைக்குப் பிறகு இரண்டு தட்டு பாஸ்தா சாப்பிட்டான்.

2 மார்ச், வியாழன்

இன்றைய பிழை: சான்றிதழ் வாங்கியதைச் சிஞ்ஞோரா ஒத்தாவியாவிடம் சொன்னேன். சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

வேலை முடிந்து திரும்பும்போது வாசலில் மணிப்பலகையைப் பார்த்தேன். பதினாறு பித்தளைப் பொத்தான்கள், பதினைந்து பெயர்கள். எங்கள் பொத்தானுக்குப் பக்கத்தில், பெயர் அட்டை இருந்த இடத்தில் வெறும் துளை. உள்ளே போனேன். அவள் தபால்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் எடுத்தேன்," என்றாள், நான் கேட்பதற்கு முன்பே. "கோவிச்சுக்காதீங்க. நாலாம் மாடியில இப்பதான் குழந்தை பொறந்த வீடு. ரெண்டாம் மாடி வாத்தியாருக்கு இதய நோய். எல்லாரும் கலந்து பேசித்தான். யாருக்கும் உங்க மேல ஒண்ணும் இல்ல."

"நான் போகலையே. டாக்டர் சீட்டு வாங்கிட்டேன்."

"நல்லது. ரொம்ப நல்லது. ஆனா அது அவங்களுக்குத் தெரியுமா? கடுதாசி வந்தது தெரிஞ்சிருக்கும், சீட்டு வாங்கினது தெரியுமா?"

"அப்போ எப்பத் திரும்ப வெப்பீங்க?"

"கேஸ் முடியட்டுமே."

"கேஸ் எப்ப முடியும்?"

"ஜூரி கிடைச்சா முடியும்," என்றாள். சொல்லிவிட்டு மூன்றாம் மாடித் தபால்களை ரப்பர் வளையத்தால் கட்டினாள். சொன்னது என்னவென்று அவளுக்கே கேட்டதாகத் தெரியவில்லை.

எனக்குக் கேட்டது. படி ஏறும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

சவினோ ஆறு மணிக்கு வந்ததும், "நம்ம பேரு எங்க?" என்றான். சொன்னேன். மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

"நான் அவங்களுக்கு என்ன பண்ணேன்? போன குளிர்காலத்துல அந்த வாத்தியாரோட நிலக்கரி மூட்டையை நாந்தான் மாடிக்குத் தூக்கினேன்."

"நான் நாளைக்குப் போறேன், சவினோ."

அவன் எழுந்தான். ஜன்னல் வரை போனான், திரும்பி வந்தான். நாற்காலியை உதைப்பான் என்று நினைத்தேன். பிடித்துக்கொண்டு நின்றான்.

"வீராங்கனை ஆகணுமா உனக்கு? என் காலை வெச்சுத்தான் ஆகணுமா?"

"இல்ல. எனக்குப் பயமாத்தான் இருக்கு. சீட்டைக் குடுத்தாலும் குடுக்கலேன்னாலும் கீழ துளைதான் இருக்கு. வருஷா வருஷம் பச்சை உறை வரும். வருஷா வருஷம் நான் டாக்டர்கிட்ட போயி உக்காரணுமா?"

கீழே டிராம் ஒன்று வந்து நின்றது, போனது.

"சரி, கேளு," என்றான். "நீ போனா நாளையிலேருந்து நான் டிராம்ல ஏற மாட்டேன். தினம் ஒரு வழியா நடப்பேன். பின்னாடி எவன் வந்தாலும் திரும்பிப் பாப்பேன். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் உன்னைத் திட்டுவேன். ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன்."

"அப்போ போ. வாழ்த்தெல்லாம் சொல்ல மாட்டேன்."

ஒத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்று இப்போதும் தெரியவில்லை. கால் அவனுடையது. பக்கத்து அறையில் கட்டில் கிரீச்சிடுகிறது, அவன் புரண்டு படுக்கிறான். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் பேனாவை நிறுத்துகிறேன்.

அட்டவணையின் காலிக் கட்டத்தை இப்போது நிரப்பினேன். காலில் சுட்டார்கள், யார் பயப்படுவதற்காக? ஒத்தாவியா, நாலாம் மாடி, வாத்தியார், டாக்டர், தொப்பிக்காரர், லிவியா, சவினோ, நான். கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதினேன். இவர்களில் ஒருவர் மேலும் யாரும் இதுவரை கை வைக்கவில்லை.

நாளை: ஐந்தரைக்கு எழ வேண்டும். லொருஸ்ஸோ என்று கறுப்பு மையில் பெரிதாக எழுதி, ஒத்தாவியா கதவைத் திறப்பதற்கு முன் மணிப்பலகையில் செருக வேண்டும். தையல் பிரிவுக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். அடையாள அட்டை, பச்சை உறை, இரண்டு ரொட்டி. டாக்டர் சீட்டு மேசை இழுப்பறையிலேயே இருக்கட்டும். ஒன்பது மணிக்கு நீதிமன்றம். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, கேட்கும்படியாக, "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.