மூன்று ஏக்கர் கண்ணூறு

“பிள்ளையைக் கீழ விடு!”

இரஞ்சிதம் போட்ட சத்தத்தில், குசினிக்குள் வடை சுட்டுக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியும் கையுமாக வெளியே எட்டிப் பார்த்தார்கள். கூடத்தில், கூரை வளையில் கட்டியிருந்த ஏணைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் கமலாசனி நின்றாள். அவள் கையில் குழந்தை இருந்தது.

பிறந்து முப்பத்தொரு நாளான குழந்தை. துடக்குக் கழித்து, அருந்ததி என்று பெயர் வைத்துச் சற்று நேரந்தான் ஆகியிருந்தது. தாய் சிவனேஸ்வரி கிணற்றடியில் நின்றாள். ஏணைக்குள் கிடந்து அது வீரிட்டு அழுதபோது மற்ற யாருக்கும் கை ஓயவில்லை. விடியற்காலையிலிருந்து உழுந்து அரைத்துக்கொண்டிருந்த கமலாசனிதான் கையைத் துடைத்துவிட்டு ஓடிவந்து தூக்கினாள். தூக்கியதும் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது. அந்த நேரம் பார்த்து இரஞ்சிதம் கண்டுவிட்டாள்.

“அழுதது மச்சாள். அதுதான்...”

“அழட்டும். அழுதால்தான் பிள்ளைக்கு நெஞ்சு விரியும். அதெல்லாம் பெத்தவளுக்குத் தெரியும். கொண்டா இஞ்சை!”

பறித்து எடுத்த வேகத்தில் குழந்தை மறுபடியும் வீரிடத் தொடங்கியது. அதைப்பற்றி இரஞ்சிதம் கவலைப்படவில்லை.

இளையதம்பி, பரமலிங்கம் என்ற அண்ணன் தம்பி இருவருக்கும் இரஞ்சிதம் மூத்தவள். யாழ்ப்பாணத்தில் இருந்த காணி இருவருக்கும் போதாமல் போகவே, கிளிநொச்சிப் பக்கம் கொலனியில் காடு வெட்டிக் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் அவர்கள். ஆளுக்கு மூன்று ஏக்கர் வயலும் வீட்டுக்கு ஒரு மேட்டுக்காணியும் கிடைத்தன. இளையவன் பரமலிங்கத்தின் மனைவிதான் சிவனேஸ்வரி. நாலு பையன்களுக்குப் பிறகு பிறந்த பெண் அருந்ததி. மூத்தவன் இளையதம்பியின் மனைவி கமலாசனி. கல்யாணமாகிப் பதினாலு வருடங்கள், பிள்ளை இல்லை. அதற்கென்று ஒரு சொல் ஊரில் இருந்தது. அதை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அவள் முதுகு திரும்பும்வரை பொறுத்திருக்கும் அளவுக்கு நாகரிகமான சனங்கள்.

இரஞ்சிதம் ஏழு பெற்றவள். தம்பி மனைவியின் பிள்ளைப்பேறு பார்க்க வஸ் ஏறி வந்தவள். ஏழு பெற்றவளுக்கு உலகத்தில் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவளுடைய திடமான அபிப்பிராயம்.

“சிவனேசு, செத்தல் மிளகாயும் உப்பும் எடு. பிள்ளைக்குக் கண்ணூறு பட்டுப்போச்சு.”

மிளகாய் வந்தது. கமலாசனி தன் மேட்டுக்காணியில் நட்டு, பனையோலைப் பட்டை கட்டித் தண்ணீர் இறைத்து, பாயில் காயவைத்து, விசேஷத்துக்கென்று கொண்டுவந்து கொடுத்த மிளகாய். அவளுடைய மிளகாய் கறிக்கும் ஆகும், கண்ணூறு கழிக்கவும் ஆகும். அவளுடைய கைதான் ஆகாது.

கண்ணூறு பட்டிருந்தால் நெருப்பில் போட்ட மிளகாய் நெடிக்காது, படாவிட்டால்தான் நெடிக்கும். இது இரஞ்சிதமே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த விதி. அவள் குழந்தையின் தலையைச் சுற்றிச் சுற்றி எடுத்து மிளகாயை அடுப்பில் போட்டாள். அடுத்த நிமிடம் வீடே இருமியது. ஐயர் தட்சணையை மடியில் செருகியபடி முற்றத்துக்கு ஓடினார். பரமலிங்கத்துக்குக் கண்ணால் தண்ணீர் கொட்டியது.

“நெடிக்குதே மச்சாள். அப்ப கண்ணூறு இல்லைத்தானே?” என்று சிவனேஸ்வரி சூதுவாது தெரியாமல் கேட்டாள்.

“இது வேறை நெடி!” என்றாள் இரஞ்சிதம், இருமலுக்கு நடுவே.

வேலிப் படலைக்கு வெளியிலும் யாரோ இருமினார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாட்டுக் கடகப்பெட்டியோடு கிழமைக்கு ஒருமுறை வரும் புனிதம் நின்றாள். அவளுக்கும் பிள்ளை இல்லை. மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தும் பார்த்துவிட்டாள்.

“இண்டைக்கு மரக்கறி. போ, போ! இஞ்சாலை எட்டிப் பாராதை,” என்று இரஞ்சிதம் குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

“கருவாடு விக்க வரேல்லை அக்கா. கடகத்தைக் கடையடியில வைச்சிட்டுத்தான் வந்தனான். பிள்ளைக்கு ஒரு சட்டை தைச்சனான்.”

“வேலியில கொழுவிப்போட்டுப் போ.”

புனிதம் அந்தச் சின்ன வெள்ளைச் சட்டையைக் கிளுவை வேலியில் கொழுவிவிட்டுப் போனாள். மத்தியானம்வரை அது அங்கேயே வெயிலில் கிடந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது கமலாசனி அதை எடுத்து மடித்துக் கொண்டுபோனாள்.

வீட்டில் இளையதம்பி மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

“அழுகிறியோ?”

“இருமுறன்.”

அவன் மண்வெட்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தான். அக்காவை அவனுக்குத் தெரியும். அவனுக்கு இரண்டாம் தாரம் பேசிக்கொண்டு முன்பு ஒருமுறை வந்தவள் அவள். “மாடு மாத்திற கதை என்னோடை கதையாதை” என்று சொல்லி அன்றைக்கே அவளை வஸ் ஏற்றிவிட்டவன் அவன்.

“இனி அங்கை போகவேண்டாம் கமலம்.”

“போகாட்டில் நான் பிள்ளையை எப்பிடிப் பாக்கிறது? நான் தூக்கினவுடன அழுகையை நிப்பாட்டினது. தெரியுமோ? ஆரும் பறிக்காமல், அது நித்திரையாகும்வரைக்கும் ஒருக்கா வடிவாய் மடியில வைச்சிருக்க வேணும். அவ்வளவுதான் எனக்கு ஆசை.”

அவளுடைய ஆசை அவ்வளவுதான். அதைக் கேட்பதற்கு வாய் வராமல் பதினாலு வருடம் உழுந்து அரைத்திருக்கிறாள். எனக்கு இதை எழுதும்போதே கோபம் வருகிறது. அவளுக்கு ஏனோ கோபம் வந்ததில்லை.

இரண்டு கிழமை கழித்து, கொலனி ஒவ்விசர் ஜீப்பில் வந்து இறங்கினார். சங்கக்கடைக்கு முன்னால் எல்லோரையும் கூட்டிவைத்து ஒரு விஷயத்தை விளக்கினார். காணி எடுத்தவர்கள் தங்களுக்குப் பிறகு காணி யாருக்கு என்று பெயர் கொடுக்கவேண்டும். காணியைத் துண்டு போடமுடியாது. ஆகையால் ஒரே ஒரு பெயர்.

“பிள்ளையில்லாத ஆக்கள்?” என்று கேட்டான் இளையதம்பி.

“உமக்குப் பிறகு மனுசி. மனுசிக்குப் பிறகு சொந்தத்தில ஆரெண்டாலும் ஒராள். அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லும். சொன்ன பேரைப் பிறகு மாத்தவும் ஏலும்.”

பக்கத்தில் பரமலிங்கம் நின்றான். அவன் கூட்டம் முடியுமுன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தான்.

மறுநாள் காலை கமலாசனி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது படலை திறந்தது. இரஞ்சிதம் வந்தாள். இடுப்பில் அருந்ததி. பின்னால் ஒரு சட்டி தயிரோடு சிவனேஸ்வரி.

“ராத்திரி முழுக்கப் பிள்ளை பெரியம்மாவைக் கேட்டு அழுகுது,” என்றாள் இரஞ்சிதம்.

இரண்டு மாதமும் நிரம்பாத பிள்ளை எந்தப் பாஷையில் கேட்டது என்று கமலாசனி விசாரிக்கவில்லை. விளக்குமாற்றைச் சாத்திவைத்தாள், கைகால் கழுவினாள். குழந்தையை வாங்கக் கை நீட்டியவள், ஏதோ நினைவு வந்தவளாகக் கையை மடக்கிக்கொண்டாள்.

“கொஞ்சம் பொறுங்கோ மச்சாள்.”

உள்ளே போய்ச் சுளகில் செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டுவந்தாள்.

“முதல்ல இதைச் சுத்திப் போடுங்கோ. பிறகு பிள்ளைக்கு ஏதும் ஒண்டெண்டால் என்னைத்தான் சொல்லுவியள்.”

“சீச்சீ! என்ன கதை இது? உன்ரை கண்ணில என்னடி குறை? குளிர்ந்த கண்ணெல்லோ!”

“உங்களுக்குத் தெரியும் மச்சாள், நீங்கள் ஏழு பெத்தனீங்கள். எனக்குத்தான் பயமாய்க் கிடக்கு. சுத்துங்கோ.”

அவள் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. இரஞ்சிதம் வேறு வழியில்லாமல் சுற்றிப் போட்டாள். நெடித்தது. இருமி முடிந்த பிறகுதான் கமலாசனி குழந்தையை வாங்கினாள்.

அன்றிலிருந்து வீட்டில் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. சிவனேஸ்வரியின் நாலு பையன்களும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பெரியம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். படலையில் அவர்களை வரிசையாக நிறுத்தி, கூட வந்த தாயைக்கொண்டே மிளகாய் சுற்றுவித்தாள் கமலாசனி. கொலனியில் பலரும் மாலை நேரமானால் இருமத் தொடங்கினார்கள்.

இரஞ்சிதத்துக்கு இதில் வேறொரு கவலை. பரமலிங்கத்தின் பிள்ளைகள் ஐந்து பேர் இருக்க, தன் பிள்ளைகள் ஏழு பேரும் யாழ்ப்பாணத்தில் சும்மா இருக்கிறார்களே! கடைசி மகன் சின்னராசாவுக்குத் தந்தி பறந்தது. மீசை அரும்பிய அந்தப் பிள்ளை பெட்டியும் கையுமாக வந்து இறங்கினான்.

“மாமிக்குப் பிள்ளை மாதிரி இருக்கட்டும்,” என்றாள் தாய்.

“இருக்கட்டும் மச்சாள். சுளகு உள்ளுக்குக் கிடக்கு.”

“இவனுக்குமோ?”

“பிள்ளை பிள்ளைதானே.”

சின்னராசா முற்றத்தில் குந்தியிருக்க, தாய் மிளகாயை அவன் தலையைச் சுற்றி எடுத்தாள். இளையதம்பி மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று வயிறு நோகச் சிரித்தான். சின்னராசா மாமி வீட்டில் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டான். வயலில் களை பிடுங்கக் கூப்பிட்டதும் அவனுக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. அடுத்த வஸ்ஸிலேயே போய்விட்டான்.

ஒரு பின்னேரம் அருந்ததி கமலாசனியின் மடியில் நித்திரையானாள். யாரும் பறிக்கவில்லை. சின்ன வாய் திறந்தபடி, பெரியம்மாவின் விரல் ஒன்றை இறுகப் பிடித்தபடி கிடந்தது குழந்தை. கமலாசனி அசையாமல் இருந்தாள். கால் விறைத்தும் அசையவில்லை. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவளுக்கு அழுகை வந்தது.

“இப்ப என்னத்துக்கு அழுகிறாய்?” என்றான் இளையதம்பி.

“இது என்னிலை நித்திரை கொள்ளுது. இதுக்குக் காணி, உறுதிப் பத்திரம் ஒண்டும் தெரியாது. கொண்டந்து தந்தவைக்குத்தான் தெரியும்.”

“அப்ப ஆற்றை பேரைக் குடுக்கிறது?”

“இப்ப ஒருத்தற்றை பேரும் வேண்டாம். குடுத்தால் மற்றவைக்கு என்ரை கண் திரும்பவும் கெட்டுப்போகும்.”

அவன் சிரித்தான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு யோசித்துக்கொண்டு சொன்னாள்:

“என்ரை கண்ணைக் குளிர்ந்த கண்ணாக்க எனக்கு மூண்டு ஏக்கர் இருக்கு. புனிதத்திட்டை என்ன இருக்கு, ஒரு கடகம்.”

அடுத்த கிழமை புனிதம் கருவாட்டோடு வந்தபோது, கமலாசனி அவளை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தாள். வேலியில் எடுத்த சட்டையைக் காட்டினாள்.

“இது இனி அளவில்லை புனிதம். பெரிசாய் ஒண்டு தை. பிள்ளைக்குப் பல்லு முளைச்சால் கொழுக்கட்டை கொட்டுவினம். அண்டைக்குக் கொண்டு வா.”

“நான் வேலியில கொழுவிப்போட்டுப் போறன் அக்கா.”

“வேலியில பல்லு முளைக்கேல்லை. வீட்டுக்குள்ள வா.”

அருந்ததிக்கு ஏழாம் மாதத்தில் பல் முளைத்தது. பல்லுக்கொழுக்கட்டைக்கு இரஞ்சிதம் மறுபடியும் வந்துவிட்டாள். குழந்தையைப் பலகையில் இருத்தி, தலையில் வெள்ளைத் துணி விரித்து, முன்னால் ஏடு, பேனை, காப்பு என்று பரப்பி வைத்தார்கள். குழந்தை எதைத் தொடுகிறதோ அதுதான் அதற்கு வாய்க்கும் என்பது நம்பிக்கை. இரஞ்சிதம் அவற்றோடு ஒரு வயல்மண் கட்டியையும் வைத்திருந்தாள். எந்த வயலில் எடுத்தது என்று ஒருவரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அருந்ததி மண்கட்டியைத்தான் பாய்ந்து எடுத்தாள். “பாத்தியளோ!” என்று இரஞ்சிதம் கை தட்டுமுன்பே அது வாய்க்குள் போய்விட்டது. தோண்டி எடுத்து வாய் கழுவி மீண்டும் இருத்தினார்கள்.

“கமலாசனி, வா. நீதான் முதல்ல கொட்டவேணும்,” என்றாள் இரஞ்சிதம், எல்லோருக்கும் கேட்க.

கமலாசனி கொழுக்கட்டைச் சுளகை வாங்கினாள். வாசலைப் பார்த்தாள். படலையடியில் துணிப் பொட்டலத்தோடு புனிதம் நின்றாள்.

“புனிதம், உள்ளுக்கு வா.”

“நான் இஞ்சை நிண்டு பாக்கிறன் அக்கா.”

“பாக்கிறதுக்கில்லை. பிள்ளை இருக்குதில்லை, சரியுது. நீ மடியில வைச்சுப் பிடி. நான் கொட்டுறன்.”

புனிதம் வந்தாள். பொட்டலத்தைக் கீழே வைத்தாள். கமலாசனி குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். அருந்ததி புனிதத்தின் கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்து, புதுப் பல்லால் கடித்துப் பார்த்தாள்.

இரஞ்சிதம் குசினிக்குள் போனாள். போன வேகம் எல்லோருக்கும் விளங்கியது. திரும்பி வரும்போது வலது கை நிறையச் செத்தல் மிளகாய் இருந்தது. கமலாசனி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. முற்றத்தில் நின்ற கணவனைப் பார்த்துக் கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, ஒவ்விசர் எப்ப வாறாராம்?”

“வாற கிழமையாம். ஆற்றை பேரெண்டு கேட்பார்,” என்றான் இளையதம்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இரஞ்சிதம் கையிலிருந்த மிளகாயைப் பார்த்தாள். யன்னலுக்கு வெளியே, கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் பச்சையாக நின்ற இளையதம்பியின் மூன்று ஏக்கர் நெல்லைப் பார்த்தாள். கூடத்தில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“என்ன பாக்கிறியள்?” என்றாள் அவள். “சம்பலுக்கு உறைப்புக் காணாது. இதையும் போட்டு இடிக்கத்தான் எடுத்தனான். கொட்டுங்கோ, கொட்டுங்கோ, நல்ல நேரம் போகுது.”

கமலாசனி கொழுக்கட்டையைக் கொட்டினாள். அது குழந்தையின் தலையிலும் புனிதத்தின் மடியிலும் விழுந்து உருண்டது. குழந்தை சிரித்தது.

அன்றைக்குச் சம்பல் நல்ல உறைப்பு. சாப்பிட்ட எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. புனிதத்துக்கு மட்டும் சம்பல் போடுமுன்பே வந்திருந்தது.