நூற்றைம்பது வரைக்கும் போகும்

“அழுத்தாதீங்க!” என்று அவள் கத்தி முடிப்பதற்குள் கணவரின் கட்டைவிரல் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துவிட்டது. கம்ப்யூட்டர் ஒரு முனகலோடு அணைந்தது. அப்டேட் பட்டை பாதி தூரம் வந்து நின்றிருந்த திரையில் இப்போது அவர்கள் இரண்டு பேர் முகமும்தான் மங்கலாகத் தெரிந்தன.

“எவ்வளவு நேரமா அதே இடத்துல நிக்குது. தொங்கிப் போச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்” என்றார் அவர்.

“தொங்கல. மெதுவா போய்க்கிட்டிருந்துச்சு. அது மெதுவாத்தான் போகும், ஆனா போகும்.”

“யாரு இப்பப் போய் அப்டேட் போட்டது?”

அப்பா படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள். “நான்தான். போடட்டுமான்னு கேட்டுச்சு. இவ்வளவு மரியாதையா கேக்குதேன்னு சரின்னு அமுக்கிட்டேன்.”

அப்பா மல்லாந்து கிடந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. முந்தாநாள் சாயங்காலம் கண்ணைத் திறந்து, “தம்பி பேசுனானா?” என்று கேட்டவர்தான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. இனி ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் கட்டில் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு ஒன்று வந்தால் அடுத்தது வர நேரமானது.

தம்பி சரக்குக் கப்பலில் இஞ்சின் ரூம் ஃபிட்டர். வீட்டில் அவனுக்குப் பெயரே கப்பல்தான். காலையில் செய்தி அனுப்பியிருந்தான்: சாயங்காலம் கப்பல் கரையோரமாகப் போகும், கொஞ்ச நேரம் சிக்னல் கிடைக்கும், அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்க்கா, எப்படியாவது அவருக்குக் கேக்கணும்.

அந்த ‘எப்படியாவது’க்குத்தான் அவள் வழி தேட வேண்டியிருந்தது. தகடு வெட்டும் பட்டறையில் ஆயுசு பூராவும் ஃபோர்மேனாக நின்று காதைக் கெடுத்துக்கொண்டவர் அப்பா. காது மிஷின் வாங்கிக் கொடுத்தால் விசில் அடிக்குது என்று மேஜை டிராயருக்குள் போட்டார். போனை எவ்வளவு அழுத்திக் காதில் வைத்தாலும் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும் என்பார். அவருக்கு மகன் குரல் கேட்டது ஒரே ஒரு இடத்தில், இந்தக் கம்ப்யூட்டரோடு சேர்ந்த பழைய இரட்டை ஸ்பீக்கரில். அதில் போனைச் சொருகலாம் என்று பார்த்தால், இப்போது வருகிற போனில் ஸ்பீக்கர் வயர் சொருகுகிற ஓட்டையே இல்லை.

விண்டோஸ் இருந்த காலத்தில் சத்தம் நூறோடு நின்றுவிடும். இந்தப் பழைய பெட்டிக்கு இனி விண்டோஸ் அப்டேட் வராது, புதுசு வாங்கிடுங்க என்று கடைக்காரர் சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் வந்தது. “ஓடுற மிஷினை யாராச்சும் எடைக்குப் போடுவானா?” என்று கேட்டுவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாகச் சும்மா கிடைக்கிற லினக்ஸைப் பென் டிரைவில் கொண்டுவந்து அவரே ஏற்றினார். மருமகன் தலையில் அடித்துக்கொண்டார். அதில் என் வேலை ஓடாது, பிரிண்டர் ஓடாது, ஒரு மண்ணும் ஓடாது என்றார். பிரிண்டர் உண்மையிலேயே பல நாள் ஓடவில்லை. ஆனால் அப்பா முதல் வாரத்திலேயே ஒன்றைக் கண்டுபிடித்தார். லினக்ஸில் சத்தம் நூறோடு நிற்கவில்லை. திரையில் உள்ள சத்தக் கோட்டை இழுத்தால் நூற்றைம்பது வரைக்கும் போனது. அன்றைக்குக் கப்பல் பேசியபோது, “இவன் குரல் இவ்வளவு கட்டையா ஆயிடுச்சா?” என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு யார் சொல்லியும் அவர் விண்டோஸ் பக்கம் திரும்பவில்லை.

அம்மாவுக்குத்தான் இம்சை. பேச்சு முடிந்து அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஓடிவந்து, தெருவே கேக்குது என்று முணுமுணுத்தபடி அந்தக் கோட்டைக் கீழே இழுத்துவிடுவாள்.

கணவர் மறுபடி பட்டனைத் தட்டினார். விசிறி சுற்றியது. வழக்கமாக வருகிற பச்சைப் படம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி, அதன் முனையில் சின்னக் கோடு விட்டு விட்டு மின்னியது.

“போச்சு” என்றார் கணவர். “இதுக்குத்தான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். என் பைல விண்டோஸ் டிஸ்க் இருக்கு. போட்டுடறேன்.”

“போட்டு முடிக்கறதுக்குள்ள சிக்னல் போயிடும். போட்டாலும் நூறோட நின்னுடும்.”

“கேக்கவே கேக்காததுக்கு நூறு தேவலாம்ல?”

“அவருக்கு நூறும் ஒண்ணுதான், கேக்காததும் ஒண்ணுதான்ங்க.”

அவரைத் தள்ளிவிட்டு அவள் உட்கார்ந்தாள். தள்ளத்தான் செய்தாள், முழங்கை அவர் விலாவில் பட்டது. அவருடைய முகம் சுண்டியது. அதைப் பற்றி அப்புறம் கவலைப்பட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கறுப்புத் திரையை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். மழைக்காலத்தில் இதே மாதிரி அப்டேட் நடுவில் கரண்ட் போயிருந்தது. கண்ணாடி உடைந்திருந்ததால் அப்பா அவளை உட்காரவைத்துச் சரிசெய்யும் கட்டளையைத் தட்டச் சொன்னார். என்ன தட்டினாள் என்பது சுத்தமாக ஞாபகம் இல்லை.

திரை பெயர் கேட்டது. அப்பா வைத்திருந்தபடி ஃபோர்மேன் என்று ஆங்கிலத்தில் அடித்தாள். அடுத்து பாஸ்வேர்ட் கேட்டது.

பாஸ்வேர்ட் இந்த வீட்டில் ரகசியம் இல்லை. காது கேட்காதவர் என்பதால் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் அடிப்பார், பால்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவரிடம் எல்லோரும் சலித்துக்கொண்டு சொல்கிற வார்த்தையையே எடுத்து வைத்துக்கொண்டார். மூணுதடவசொன்னேன். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

அவள் அடித்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை. புள்ளி இல்லை, நட்சத்திரம் இல்லை, கோடுகூட நகரவில்லை.

“கீபோர்டும் போச்சா?” கணவர் குனிந்து வயரைப் பிடித்தார்.

“வயரை விடுங்க!”

அன்றைக்கு அவளும் இப்படித்தான் கீபோர்ட் போச்சுப்பா என்று கத்தினாள். அப்பா சிரித்தார். “ஒண்ணும் தெரியாது. ஆனா உள்ள போய்க்கிட்டுதான் இருக்கும். நீ பாட்டுக்குத் தட்டு.”

எண்டரைத் தட்டினாள். தவறு என்று வந்தது. எங்கோ ஓர் எழுத்து பிசகியிருந்தது. பின்னால் நர்ஸின் ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது.

“அம்மா, கொஞ்சம் பக்கத்துல வாங்க” என்று நர்ஸ் தணிந்த குரலில் அம்மாவைக் கூப்பிட்டார். “மூச்சு ரொம்பத் தள்ளித் தள்ளி வருது. பேசறதுன்னா பேசிடுங்க. காது மட்டும் கடைசி வரைக்கும் கேக்கும்னு சொல்லுவாங்க.”

“இவருக்கா?” என்றாள் அம்மா.

மேஜையில் இருந்த போன் அதிர்ந்தது. கப்பல். கணவர் எடுத்தார். “இருப்பா, ஒரு நிமிஷம், கட் பண்ணிடாத, உங்கக்கா பாத்துக்கிட்டிருக்கா” என்று சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இப்போது கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

அவள் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லி அடித்தாள். அப்பா செய்கிற மாதிரியே. எண்டர். திரை அவளை உள்ளே விட்டது.

உள்ளே என்ன இருக்கிறது? மறுபடியும் மின்னுகிற கோடு. என்ன கட்டளை கொடுப்பது? மூளை வெறுமையாக இருந்தது. ஆனால் விரலுக்கு ஞாபகம் இருந்தது போல; மேல் அம்புக்குறி மீது போய் நின்றது. அதை அமுக்கினால் முன்னே அடித்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும்.

அமுக்கினாள். அப்பா கடைசியாக அடித்த வரி வந்தது. மிஷினை நிறுத்தச் சொல்லும் வரி. அதற்கு முன்னே சத்தத்தைச் சரிசெய்யும் வரி. அதற்கும் முன்னே ஒன்று சரியாக, அதே வரி எழுத்துப்பிழையோடு, அதற்கும் முன்னே இன்னொரு பிழையோடு. அவர் மூன்று தடவை முயன்றிருந்தது அப்படியே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அமுக்கிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு நீள வரி வந்ததும் விரல் நின்றுவிட்டது. மழைநாளில் அவள் அடித்த வரி அதுதான்.

எண்டர். மறுபடி பாஸ்வேர்ட். மறுபடி ஒன்றும் தெரியாத திரை. இந்தத் தடவை தயங்காமல் தட்டினாள்.

வெள்ளை வரிகள் கடகடவென்று மேலே ஓட ஆரம்பித்தன. கணவர், “போகுதுப்பா, போகுது” என்று போனில் கத்தினார், என்ன போகிறது என்று தெரியாமலே. வரிகள் நின்றன. அணைத்து மறுபடி ஆன் செய்தாள். பச்சைப் படம் வந்தது. கணவர், “இப்ப கம்ப்யூட்டருக்குக் கூப்பிடுப்பா” என்று சொல்லிப் போனை வைத்தார்.

கப்பலின் முகம் திரையில் தெரிந்தபோது அவன் அழுது முடித்து முகம் கழுவியிருந்தான். பின்னால் குழாய்கள். அவள் கேமராவைக் கட்டில் பக்கம் திருப்பினாள். ஸ்பீக்கர் இரண்டையும் வயர் எட்டுகிற மட்டும் இழுத்து அப்பாவின் தலையணைக்கு இரு பக்கமும் வைத்தாள். சத்தக் கோட்டைப் பிடித்து இழுத்தாள். நூறு. நூற்றிருபது. நூற்றைம்பது.

“அப்பா!”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நர்ஸ் திடுக்கிட்டு எழுந்தே விட்டார்.

“அப்பா, நான்தாம்பா. இங்க பம்ப் ஒண்ணு மக்கர் பண்ணுச்சு. எல்லாரும் காதை வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தானுங்க. நான் கையை வச்சுப் பாத்தேன். நீங்க சொல்லுவீங்கல்ல, காதை நம்பாதடா, கையை வையின்னு. பேரிங்தான் போயிருந்துச்சு. கழட்டி மாத்திட்டேன்பா.” அவன் நிறுத்தினான். “அக்கா, கேக்குதா அவருக்கு? முகத்துல ஒண்ணும் தெரியலையேக்கா.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். இமை அசையவில்லை. விரல் அசையவில்லை.

“தெரியாதுடா” என்றாள். “ஆனா உள்ள போய்க்கிட்டிருக்கு. நீ பாட்டுக்குப் பேசு.”

அவன் பேசினான். சின்ன வயதில் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனதை, சைக்கிளைத் தொலைத்துவிட்டுப் பொய் சொன்னதை, அடுத்த தடவை வரும்போது அந்தப் பிரிண்டரை ஒரு கை பார்த்துவிடலாம் என்பதை. தெரு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நிற்பது தெரிந்தது. யாரும் உள்ளே வரவில்லை.

நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கழுத்தில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்து, இல்லையென்று மெல்லத் தலையசைத்தார். சொல்வதற்கு வாயைத் திறந்தவரை அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். கணவர் புரிந்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

“…அப்புறம்பா, அந்த வாட்ச்சு, நீங்க குடுத்தது, இன்னும் ஓடுது…”

அம்மா கால்மாட்டிலிருந்து எழுந்தாள். அப்பாவின் பாதங்களைப் போர்வையால் மூடினாள். நேராகக் கம்ப்யூட்டரிடம் வந்து, வழக்கம்போல மவுஸின் மேல் கையை வைத்தாள். அம்புக்குறி தானாகவே போவது போலப் போய் அந்தச் சத்தக் கோட்டின் முனையில் நின்றது.

அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, மகனின் குரலுக்கு எதிரே உட்கார்ந்தாள். கோடு நூற்றைம்பதிலேயே நின்றது.